ஒரே குரங்கு, ரெண்டு அட்ரஸ்: சாட்ஸ்வொர்த்ல நடந்த ஒரு பஞ்சாயத்து

போன புரட்டாசி மூணாவது சனிக்கிழமை, தென்னாப்பிரிக்கா டர்பன்ல இந்தியர் ஏரியாவான சாட்ஸ்வொர்த்ல இருக்கற என் மனைவியோட பெரியம்மா வீட்ல பூஜைக்கு எடுத்து வச்சிருந்த ரெண்டு சீப்பு வாழைப்பழம், ஒரு பிரெட், தட்டுல ஆற வச்சிருந்த வடை எல்லாம் ஒரு நிமிஷத்துல காலி. கிச்சன் ஜன்னல் ஒரு ஜாண்தான் தொறந்து இருந்துச்சு, அதையும் சாத்திட்டு உள்ள நின்னு வடை சுட முடியுமா சொல்லுங்க, அந்த ஒரு ஜாண்ல நுழைஞ்சு வந்து மேடை மேல உக்காந்து நிதானமா தின்னுட்டு போயிருக்கு. வெர்வெட் குரங்கு. ஆண் குரங்குக்கு பின்னாடி நீல கலர்ல பளிச்சுன்னு இருக்கும்ல, அத வச்சே இது போன மாசம் வந்த அதே திருடன்தான்னு பெரியம்மா அடிச்சு சொன்னாங்க.

இது வரைக்கும் சாட்ஸ்வொர்த்ல வாராவாரம் நடக்கற கதைதான். அன்னைக்கு கூடுதலா நடந்தது என்னன்னா, ரெண்டு வீடு தள்ளி யாரோ பெல்லட் துப்பாக்கி எடுத்து சுட்டுட்டாங்க, பட்டது திருடன் மேல இல்ல, குட்டிய வயித்துல ஒட்டிகிட்டு செவுத்து மேல போயிட்டிருந்த ஒரு பெண் குரங்கு மேல. குரங்கு மீட்கற வாலண்டியருங்க வந்து துண்டுல சுத்தி எடுத்துட்டு போனாங்க. எக்ஸ்ரே எடுத்தப்ப உடம்புல பழைய பெல்லட்டும் இருந்துச்சுன்னு அப்புறம் சொன்னாங்க. குட்டி பொழச்சுது, தாய் பொழைக்கல.

அன்னைக்கு ராத்திரி ஃபேமிலி வாட்ஸாப் குரூப்ல சண்டை. பெரியம்மாவோட மக, எனக்கு கொழுந்தியா முறை, கல்யாணமாகி வடக்க உம்லாங்கா பக்கம் ஒரு கேட் போட்ட எஸ்டேட்ல இருக்கா. "அம்மா அது அவங்க காடு, நாமதான் குறுக்க வந்து வீடு கட்டினோம்"னு போட்டா. பெரியம்மா வாய்ஸ் நோட் அனுப்பினாங்க, "அப்ப நீ வந்து கூட்டிட்டு போடி, உன் எஸ்டேட்ல நிறைய எடம் இருக்குல்ல." (சண்டை இங்கிலீஷ்லதான், நான் தமிழ்ல சொல்றேன். பெரியம்மாவுக்கு கோவம் உச்சத்துக்கு போனா மட்டும் தமிழ் வரும், அத இங்க எழுத முடியாது.)

நான் தென்காசி பக்கத்து ஆளு, வேலைக்குன்னு டர்பன் வந்தவன், பொண்ணு எடுத்தது சாட்ஸ்வொர்த்ல, சனிக்கிழமை கோயில் ஹால்ல பசங்களுக்கு தமிழ் சொல்லி தர்றேன். ரெண்டு வீட்டுக்கும் போய் வர்றவன். கொழுந்தியா வீட்டு பால்கனில காபி குடிச்சுகிட்டே இதே குரங்க ரசிச்சிருக்கேன், உண்மைய சொல்லணும்ல. அங்க பாத்தா அழகு, இங்க பாத்தா திருட்டு பய. ஒரே ஜாதி குரங்குதான், நடுவுல கார்ல அரை மணி நேரம். என்னதான் வித்தியாசம்னு தோண்ட ஆரம்பிச்சேன், அதுதான் இந்த நீள பதிவு.

பீனிக்ஸ்ல கண்டுபிடிச்சது

பணக்கார ஏரியாவுல செடி கொடி வகை அதிகம், ஏழை ஏரியாவுல கம்மி. இதுக்கு ஆராய்ச்சிக்காரங்க வச்ச பேரு லக்ஸரி எஃபெக்ட், வசதி விளைவுன்னு வச்சுக்கோங்களேன். 2003ல பீனிக்ஸ்ல கணக்கெடுத்து சொன்னாங்கன்னு படிச்சதும் நான் நம்ம பீனிக்ஸ்னு நெனச்சுட்டேன், காந்தி 1904ல ஆசிரமம் போட்டாரே அதுக்கு பக்கத்துல 1976ல இந்தியருக்குன்னு டவுன்ஷிப் கட்டினாங்களே அந்த பீனிக்ஸ். அது இல்ல, அமெரிக்கா அரிசோனா பீனிக்ஸ். பாலைவன ஊர்ல காசு இருக்கறவன் தண்ணி ஊத்தி தோட்டம் வளக்கறான், அதனால அங்க செடி வகை ஜாஸ்தி, கேக்கவே சப்புன்னு இருக்கு. நம்ம பீனிக்ஸ்ல போய் பாத்திருந்தா கதையே வேற, இங்க மழைக்கு பஞ்சம் இல்ல, வேலிக்கம்ப நட்டாலும் துளிர்க்கற மண்ணு. அப்புறம் ஏன் எங்க தெருவுல நெழலே இல்ல? காசு மட்டும் காரணமா இருந்தா பெரியம்மா ஒரு மரம் நட்டிருக்கலாமே, கன்னு என்ன வெலைக்கு வித்துட போகுது. நட எடம் வேணும்ல, அதுதான் விஷயம்.

எடம் எப்படி பிரிஞ்சுதுங்கறது இங்க எல்லாருக்கும் தெரிஞ்ச கதை, இருந்தாலும் மரம் செடி கண்ணோட யாரும் சொல்றதில்ல. பெரியம்மாவோட அப்பா டர்பன் கார்ப்பரேஷன்ல வேலை பாத்தவர், குடும்பமே மேகஸின் பாராக்ஸ்ல இருந்துச்சு, கார்ப்பரேஷன் தன்னோட இந்திய வேலையாளுங்கள வச்சிருந்த லைன் வீடுங்க, பெரும்பாலும் தமிழ் தெலுங்கு ஆளுங்க. ரோடு கூட்டறது, குப்பை அள்றது, பார்க்ல புல்லு வெட்டறது எல்லாம் இவங்கதான். தாத்தா பார்க் டிபார்ட்மென்ட்ல இருந்தாராம். பெரியான்னு (Berea) ஒரு மேடு, அங்க வெள்ளக்காரங்க தெருவுல நிக்கற அந்த பெரிய பெரிய மரத்துக்கெல்லாம் கன்னுல தண்ணி ஊத்தினது யாருன்னு நெனைக்கறீங்க. 1950ல குரூப் ஏரியாஸ் சட்டம் வந்துச்சு, இன்ன இனம் இன்ன எடத்துலதான் குடியிருக்கணும்னு, 1960கள்ல பாராக்ஸ் காலி பண்ணி எல்லாரையும் தூக்கி சாட்ஸ்வொர்த்ல போட்டாங்க. சாட்ஸ்வொர்த் மட்டும் சும்மா கெடந்த எடமா, அதுவும் நம்ம ஆளுங்க வாழையும் காய்கறியும் போட்டுகிட்டிருந்த நிலம்தான், அத கையகப்படுத்தி சரிவ வெட்டி மட்டம் பண்ணி யூனிட் 1, யூனிட் 2ன்னு நம்பர் போட்டு வரிசை வரிசையா ஒட்டு வீடு கட்டினாங்க. 11 யூனிட். ஒரு செவுரு ரெண்டு குடும்பத்துக்கு பொது.

மரத்துக்கு எடம் அந்த பிளான்லயே கெடையாது. சட்டம் போயி முப்பது வருஷம் தாண்டிடுச்சு, மேட்டுல இருக்கற மரம் அதுக்கு முன்னாடியே வச்சது. மனுஷன் ஒரு தலைமுறைல வீடு மாறிடலாம், வக்கீல் டாக்டர் ஆகி கேட் போட்ட எஸ்டேட்டுக்கு போயிடலாம், அறுவது வருஷ மரத்த யாரும் லாரில ஏத்திட்டு வந்து யூனிட் 3ல எறக்க முடியாது.

நாடு முழுக்க இதேதான்னு 2020ல ஒரு ஆய்வு வந்துச்சு, பச்சை அபார்ட்ஹைட்னே தலைப்பு வச்சாங்க (அபார்ட்ஹைட்னா இங்க சட்டம் போட்டு நடத்தின இனப் பிரிவினை). கறுப்பர், இந்தியர், கலர்ட்னு சொல்ற கலப்பின மக்கள் அதிகமா இருக்கற பகுதில வெள்ளையர் பகுதிய விட மர நிழல் 11.7 சதவீதம் கம்மி, பொது பார்க் இன்னும் 700 மீட்டர் தள்ளி. 700 மீட்டர்னா சின்னதா தெரியும். பெரியம்மாவுக்கு முட்டி வலி, சாட்ஸ்வொர்த்ல எல்லா ரோடும் ஏத்தம் எறக்கம்.

ஆறு வச்சு போட்ட வேலி

இங்கதான் எனக்கு ஆச்சரியமான விஷயம் சிக்குச்சு. இனத்த இனம் பாக்காம இருக்க நடுவுல ஒரு தடுப்பு வேணும்ல, டர்பன்ல அதுக்கு பள்ளத்தாக்கும் ஆறும் செங்குத்தான சரிவும்தான் கெடச்சுது. சாட்ஸ்வொர்த்துக்கும் அந்தப்பக்கம் கறுப்பருக்குன்னு வச்ச உம்லாஸிக்கும் நடுவுல உம்லாஸ் ஆறு. ரெண்டு பக்கமும் வீடு கட்டாம விட்ட சரிவுல என்ன இருந்துச்சோ அது அப்படியே தப்பிச்சு நின்னுடுச்சு. 1980கள்ல நகரத்துல மிச்சம் இருக்கற காடு, புல்வெளி, ஆத்தங்கரை எல்லாத்தையும் கோடு போட்டு இணைச்சு டிமாஸ்னு ஒரு திறந்தவெளி திட்டம் ஆரம்பிச்சாங்க, இன்னைக்கு அது நகராட்சி எல்லைல கிட்டத்தட்ட மூணுல ஒரு பங்கு. அதுல எத்தனை பள்ளத்தாக்கு ஒரு காலத்துல இன எல்லையா இருந்துச்சுன்னு மேப்ப பக்கத்துல பக்கத்துல வச்சு பாருங்க, வயித்த கலக்கும். மனுஷன பிரிக்க வச்ச வேலிதான் இப்ப காட்டு மிருகத்துக்கு ரோடு.

சாட்ஸ்வொர்த்லயே சில்வர்கிளென்னு 200 ஹெக்டேருக்கு மேல காப்பகம் இருக்கு. கடலோர காடும், வேகமா அழிஞ்சுகிட்டு வர்ற புல்வெளியும் சேர்ந்த எடம். 1980கள்ல இங்க மருந்து மூலிகைக்குன்னே நர்சரி போட்டாங்க, ஏன்னா டவுன்ல வார்விக் மார்க்கெட்ல விக்கற முத்திங்கற ஆப்பிரிக்க நாட்டு மருந்துக்கு காட்டுல பட்டைய உரிச்சு உரிச்சே மரம் சாகுது, வளத்து குடுத்தாலாவது காடு தப்பிக்கும்னு. இவ்ளோ பெரிய பொக்கிஷம் நம்ம ஏரியாவுலயே இருக்கு, என் தமிழ் கிளாஸ்ல இருவது பசங்கள கேட்டேன், உள்ள போனவன் ரெண்டே பேரு. மத்தவங்க வீட்ல விடமாட்டாங்க, தனியா போனா ஃபோன புடுங்கிடுவாங்கன்னு பயம். பயம் பொய்னு நான் சொல்ல மாட்டேன். ஆனா மேட்டுல கிளென்வுட் பக்கம் பீஜன் வேலின்னு பத்து ஹெக்டேர் சொச்சம் காடு இருக்கு, அங்க ஞாயித்துக்கிழமை பைனாகுலர் மாட்டிகிட்டு கூட்டம் கூட்டமா போறாங்க. பத்து ஹெக்டேர்ல இருக்கற ஒவ்வொரு பறவைக்கும் பதிவு இருக்கு, 200 ஹெக்டேர் பக்கம் ஆளே இல்ல.

அதனால "ஏழை ஏரியால இயற்கை கம்மி"ன்னு ஒத்த வரில முடிக்கறது எனக்கு ஒப்பல. 2019ல தென்னாப்பிரிக்கா நகர பறவைங்கள வச்சு வந்த ஆய்வும் இதயே கொழப்பிடுச்சு. கட்டடம் கம்மியா இருக்கற எடத்துல வருமானம் கூட கூட பறவை வகை கூடுது, கட்டடம் நெருக்கமா ஆன எடத்துல அது அப்படியே தலைகீழா போகுது, வருமானம் கூட கூட வகை கொறையுது. சாட்ஸ்வொர்த்ல இருக்கற எங்களுக்கு இது ஆச்சரியம் இல்ல. தப்பிச்ச ஒரு பள்ளத்தாக்கு பக்கத்துல இருந்தா போதும், விடிகாலைல பார்பெட்டும் புல்புல்லும் கத்தும், சிவப்பு ரெக்கைய விரிச்சுகிட்டு லூரி கூட ஒரு தடவ பெரியம்மா வீட்டு பப்பாளில வந்து உக்காந்துச்சு, எல்லாரும் வெளிய ஓடி வந்து பாத்தோம். இயற்கை நெறைய இருக்கு. அதுல சொகம் யாருக்கு தொல்ல யாருக்குங்கறதுதான் கேள்வி.

ஒரு கூரை, ஒரு கருப்பு பை

கூரைல ஆரம்பிக்கறேன். பெரியம்மா வீட்டுக்கு இன்னும் பழைய ஆஸ்பெஸ்டாஸ் ஷீட்டு. குரங்கு கூட்டம் ஒரு பள்ளத்தாக்குலேந்து அடுத்த பள்ளத்தாக்குக்கு போகணும், நடுவுல தொடர்ச்சியா மரம் இல்ல, அதனால அதுங்களுக்கு ரோடு எங்க கூரை வரிசைதான். இருவது குரங்கு ஒண்ணு பின்னாடி ஒண்ணு ஷீட்டு மேல குதிச்சு ஓடற சத்தம் கேட்டிருக்கீங்களா, கல்லு மழை மாதிரி. ஒவ்வொரு சீசனுக்கும் ஒரு விரிசல், மழை வந்தா அடில பக்கெட்டு. கூரை இல்லாத எடத்துல கரண்ட் கம்பி வழியா போகும், கருகி விழுந்த குட்டிய நானே பாத்திருக்கேன்.

அடுத்தது குப்பை. டர்பன்ல வாரத்துக்கு ஒரு நாள் கருப்பு பிளாஸ்டிக் பைல கட்டி வாசல்ல வைக்கணும். பை மெல்லிசு, குரங்கு நகம் பட்டா போதும். கொழுந்தியா எஸ்டேட்ல பைய இரும்பு கதவு போட்ட சின்ன ரூம்ல வைக்கறாங்க, செக்யூரிட்டி இருக்கான், வண்டி டயத்துக்கு வருது. இங்க வீட்டுக்குள்ள வைக்க எடம் இல்ல, ஆறு பேரு இருக்கற ரெண்டு ரூம் வீட்ல மீன் செதில் போட்ட பைய எங்க வைப்பீங்க, அதனால முந்தின ராத்திரியே வாசல்ல. சில வாரம் லாரி வராது. வராத அன்னைக்கு காலைல குரங்கு கிழிக்கும், மத்தியானம் காக்கா, ராத்திரி எலி. மூணு ஷிஃப்ட்டு.

அங்க குரங்கு பாக்க அழகுதான், ஏன்னா அதுக்கு வயிறு நெறைய வெளியவே கெடைக்குது. அந்த எஸ்டேட்ல இந்த மண்ணு மரமா பாத்து பாத்து நட்டிருக்காங்க, ஓடை கரைல நாணல் வளக்கறாங்க, அடுப்படிக்கு ஏசி, ஜன்னல சாத்தியே வைக்கலாம். அந்த எடம் அறுவது எழுவது வருஷம் முந்தி என்னன்னு தெரியுமா, கரும்புக்காடு. டர்பனுக்கு வடக்க அந்த பக்கம் மைல் கணக்குல வெறும் கரும்புதான், கரும்ப தவிர ஒரு உசுரு வாழாத நிலம். 1860 நவம்பர்ல மெட்ராஸ்லேந்து ட்ரூரோ கப்பல்ல 342 பேரு ஒப்பந்தக் கூலிங்களா வந்து எறங்கினதே அந்த கரும்புக்குத்தான். காட்ட அழிச்சு கரும்பு போட நம்மள கொண்டு வந்தாங்க, இப்ப கரும்ப அழிச்சு காடு வளக்கறாங்க, உள்ள போகணும்னா கேட்ல கைரேகை வைக்கணும். எனக்கு இதுல கோவம் கூட வரல, சிரிப்புதான் வருது. காடு திரும்ப வந்தது நல்லதுதானே, புஷ்பக் மான் கூட திரியுதாம். காசு இருந்தா செத்த மண்ணுலயும் காட்ட திரும்ப வாங்கலாங்கறதுக்கு அதுதான் சாட்சி.

யாரு எங்க வந்து சேர்ந்தாங்க

ஏழை ஏரியாவுக்குன்னு சில ஜீவனுங்க ஒதுக்கப்பட்ட மாதிரியே வந்து சேருது. மைனாவ இங்க இந்தியன் மைனான்னுதான் சொல்வாங்க, 1902 வாக்குல டர்பன்ல கூண்டுலேந்து தப்பிச்சதோட வாரிசுங்க. நம்ம ஊரு சாம்பல் கழுத்து காக்கா 1970கள்ல டர்பன்ல தலை காட்டுச்சு, கப்பல் ஏறி வந்தது, அதுக்கும் பேரு இந்தியன் காக்கா. "இந்த இந்தியனுங்க தொல்ல தாங்கல"ன்னு ஒருத்தர் ஆஃபீஸ்ல காக்காவ பத்தி பேசிட்டு என்னை பாத்ததும் மூஞ்சி போன போக்கு இருக்கே. கேப் டவுன்ல இந்த காக்கா குவிஞ்சது குகுலேத்து, நியாங்கா, பிலிப்பி பக்கம், குப்பை ஒழுங்கா எடுக்காத டவுன்ஷிப்புங்க. 2009லேந்து அங்க ஒழிப்பு வேலை நடந்துச்சு. வெலங்கு குப்பைய தேடி போகுது, குப்பை தேங்கற எடத்த யாரு முடிவு பண்றாங்கன்னு காக்காவுக்கு தெரியாது.

பெரியம்மா புரட்டாசில காக்காவுக்கு சோறு வைப்பாங்க. வர்றது நம்ம காக்கா இல்ல, இந்த ஊரு பைட் காக்கா, நெஞ்சுல வெள்ளையா பனியன் போட்ட மாதிரி இருக்கும். "தாத்தா பார்க்குக்கு யூனிஃபார்ம் போட்டு போன மாதிரியே இருக்கு பாரு"ன்னு சொல்வாங்க.

எலி விஷயத்துல சிரிக்க ஒண்ணும் இல்ல. கேட்டோ கிரெஸ்ட் குடிசைப்பகுதில 2000கள்ல எலி புடிச்சு ஆராய்ஞ்சப்ப லெப்டோஸ்பைரா கிருமி இருந்துச்சு, எலி மூத்திரம் கலந்த தண்ணில பரவற எலிக்காய்ச்சல். பாம்பும் அப்படித்தான், டர்பன் பள்ளத்தாக்குங்கள்ல கருப்பு மாம்பா சகஜம், கேட் போட்ட வீட்ல வந்தா ஃபோன் போட்டு ஆள கூப்பிட்டு உயிரோட புடிச்சு காட்டுல விடறாங்க, தகரக் குடிசைல ராத்திரி கரண்ட் இல்லாம வந்தா என்ன பண்ணுவாங்க, கைல கெடைக்கறதால அடிக்கறத தவிர.

இதுல நம்ம ஆளுங்க மேலயும் எனக்கு ஒரு குறை. நாம ஏணில நடு படிக்கட்டு. மேல பாத்து பொலம்பறோம், கீழ பாத்து அதயே செய்யறோம். சாட்ஸ்வொர்த்லயே கிராஸ்மூர்ல பாட்டில்பிரஷ்னு ஒரு குடிசைப்பகுதி இருக்கு, பேரே ஆஸ்திரேலியா மரத்தோட பேரு, எலி வந்தாலும் பாம்பு வந்தாலும் "பாட்டில்பிரஷ்லேந்து வருது"ன்னு எங்க தெருவுல சொல்லாத ஆள் கெடையாது. அங்க குப்பை வண்டி நுழைய ரோடே இல்லங்கறத சொல்ல மாட்டாங்க. வெள்ளம் வந்தா முதல்ல போறதும் அவங்கதான். 2022 ஏப்ரல்ல ரெண்டு நாள் கொட்டின மழைல இந்த மாகாணத்துல 400 பேருக்கு மேல செத்தாங்க, ஆத்தங்கரைலயும் சரிவுலயும் இருந்தவங்க பாதி ராத்திரில மண்ணோட போனாங்க. பள்ளத்தாக்கு பச்சையா இருக்குன்னு சந்தோசப்படறதுக்கு முன்னாடி அந்த பச்சை ஓரத்துல தகரம் அடிச்சு படுக்கறது யாருன்னு பாக்கணும்.

கேட்டோ மேனர் மாமரம்

ஒரு ஞாயித்துக்கிழமை பெரியம்மாவ கேட்டோ மேனர் பக்கம் கூட்டிட்டு போனேன், அம்பலவாணர் கோயிலுக்கு. 1875ல உம்பிலோ ஆத்தங்கரைல கட்டி, 1905 வெள்ளத்துல போயி, அப்புறம் எடம் மாறி நிக்கற கோயில். அந்த ஏரியா முழுக்க ஒரு காலத்துல கான்ட்ராக்ட் முடிஞ்ச நம்ம ஆளுங்க தோட்டம் போட்ட எடம், அப்புறம் கறுப்பர்கள் குடிசை போட்டு நெருக்கமாச்சு, 1949 கறுப்பர்-இந்தியர் கலவரம் அங்கதான் மோசமா எரிஞ்சுது. அதுக்கப்புறம் குரூப் ஏரியாஸ்ல ரெண்டு தரப்பையும் காலி பண்ணி, இவங்கள சாட்ஸ்வொர்த்துக்கும் அவங்கள குவாமாஷு, உம்லாஸிக்கும் அனுப்பிட்டு, நெலத்த பெரும்பாலும் சும்மா போட்டுட்டாங்க. 1980கள் கடைசி வரைக்கும் புல்லும் புதரும்தான், நடுநடுவுல கோயிலுங்க மட்டும். ஊருக்கு நடுவுல காடு! மேலேந்து பாத்தவங்களுக்கு அது நல்ல வியூ.

சரிவுல ரெண்டு மாமரம் தனியா நின்னுச்சு, வயசான மரம். பக்கத்துல வீட்டு அஸ்திவாரம் ஒண்ணு புல்லுல மூடி கெடந்துச்சு. பெரியம்மா ரொம்ப நேரம் பாத்துட்டு, "மரம் மட்டும் காலி பண்ணல பாரு"ன்னாங்க. உச்சில குரங்கு ஒண்ணு பிஞ்சு கடிச்சு போட்டுகிட்டிருந்துச்சு. அன்னைக்கு மட்டும் அத திட்டல.

வேப்பிலைக்கு பதிலா

பெரியம்மா வீட்டு வாசல்ல இருக்கற ஒரே மரம் சிரிங்கா, நம்ம ஊர்ல மலைவேம்பு. இங்க வேப்பமரம் சுலபத்துல கெடைக்காது, அதனால மாரியம்மன் கூழ் ஊத்தறதுக்கும், அம்மை போட்டா படுக்கைல விரிக்கவும் இந்த இலையத்தான் நூறு வருஷத்துக்கு மேல வேப்பிலையா வச்சுகிட்டிருக்காங்க. அரசாங்க பட்டியல்ல இது அயல் ஆக்கிரமிப்பு மரம், ஊருக்கு வெளில கண்டிப்பா கட்டுப்படுத்தணும், ஊருக்குள்ள புதுசா நடக்கூடாது. சட்டத்துல நியாயம் இருக்கு, ஆத்தங்கரைங்கள்ல இது மொளைச்சு உள்ளூர் மரத்த அமுக்குது, நானே பாத்திருக்கேன். கொழுந்தியா எஸ்டேட்ல உள்ளூர் மரம் மட்டும்தான் வைக்கணும்னு ரூல், அவளுக்கு ரொம்ப பெருமை. "உன் தெருவுல இருக்கற ஒரே நெழலையும் வெட்ட சொல்றியே, வெட்டினா அடுத்தது வளர எனக்கு வயசு இருக்கா"ன்னு பெரியம்மா கேட்டாங்க. நான் யாரு பக்கமும் பேசல. மரத்த எண்ணுறப்ப இது எந்த கணக்குல வரும்னு மட்டும் யோசிச்சேன், நெழல் கணக்குல கூட்டல், பல்லுயிர் கணக்குல கழித்தல்.

ஒரே பொருள் எடத்த பொறுத்து எப்படி மாறுதுங்கறதுக்கு குப்பைமேடே சாட்சி. கிளேர் எஸ்டேட்ல இந்தியர் வீடுங்களுக்கு நடுவுல பிஸாசர் ரோடு குப்பைமேட்ட 1980ல தொறந்தாங்க, ஆப்பிரிக்காவுலயே பெரிய மேடுங்கள்ல ஒண்ணா வளந்துச்சு, அத எதிர்த்து வருஷக்கணக்கா போராடின சாஜிதா கான் 2007ல கேன்சர்ல போயிட்டாங்க. அங்க வீட்டு வேலிதான் பஃபர், அதாவது குப்பைக்கும் ஜனத்துக்கும் நடுவுல விடற தடுப்பு. வெருலம் பக்கம் பஃபெல்ஸ்டிராய் குப்பைமேட்ல 2008லேந்து சுத்தி பஃபர் நெலத்துல பழைய கரும்புக்காட்ட காடாக்கினாங்க, சுத்துவட்டார ஜனங்க வீட்ல விதை போட்டு கன்னு வளத்து குடுத்தா பதிலுக்கு மளிகை சாமான், ஸ்கூல் ஃபீஸ் கெடச்சுது. முடியாதுன்னு இல்ல.

கணக்குல இல்லாத கட்டம்

அமெரிக்காவுல 1930கள்ல கறுப்பர் ஏரியாங்கள செவப்பு கோடு போட்டு கடன் குடுக்காம விட்டாங்க. 2023ல 195 ஊரோட பறவை பதிவுங்கள பாத்தப்ப, அந்த செவப்பு கட்டங்கள்லதான் பதிவே கம்மின்னு தெரிஞ்சுது. பறவை இல்லாததால இல்ல, பாக்க ஆள் போகாததால. இங்க 2007லேந்து நடக்கற பறவை அட்லஸ்ல ஒரு கட்டம் சுமார் 8, 9 கிலோமீட்டர் நீள அகலம். ஒரே கட்டத்துக்குள்ள தோட்ட வீடும் ஒட்டு வீடும் குடிசையும் விழுந்துடும், எவன் தோட்டத்துல பாத்தாலும் கட்டத்துக்கே பேரு. எங்க தெருவ அதுல தேடவே முடியாது.

குரங்கு பஞ்சாயத்துக்கு வர்றேன். சுட்டவர் யாருன்னு தெருவுக்கே தெரியும், ஊருக்குள்ள பெல்லட் துப்பாக்கி சுடறதே சட்டப்படி தப்பு, 1962 மிருகவதை சட்டமும் இருக்கு. ஒரு ஆஃபீஸ்ல புகார் எழுதி குடுத்தோம், நம்பர் குடுத்தாங்க, அந்த நம்பர் இன்னும் பர்ஸ்ல இருக்கு. அதனால எங்க அளவுல பண்ணினது: ஜன்னலுக்கு கம்பி வலை, கோயில்ல படையல் பழத்துக்கு மூடி போட்ட டப்பா, தெருவுல பத்து வீடு சேந்து ஒரு இரும்பு கூண்டு அடிச்சு பைய அதுல போடறோம். கூண்டுக்கு பாதி காசு கொழுந்தியா அனுப்பினா. பெரியம்மா வாங்கிகிட்டாங்க, தேங்க்ஸ் சொல்லல.

அடுத்த மாசம் ஒரு சனிக்கிழமை தமிழ் கிளாஸ சில்வர்கிளென்ல வைக்கறோம். பதினேழு பசங்க, நாலு அப்பா, ஒரு செக்யூரிட்டி அண்ணன். பறவைக்கு தமிழ் பேரு பசங்களே வைக்கணும், ஃபோன்ல எடத்தோட பதிவு பண்ணணும். பெரியம்மாவும் வர்றேன்னு சொல்லியிருக்காங்க, முட்டி வலிங்கறதால நேரா கேட் வரைக்கும் கார் போகுமான்னு கேட்டு வச்சிருக்கேன், வாழைப்பழம் மட்டும் கொண்டு வராதீங்கன்னு சொல்லிட்டேன்.